மோட்டுக்குக் கீழே ஒரு விளக்கு

என் மாமியார் முருகம்மாளுக்கு நாக்கில் சனி. மாதம் தவறாமல் குச்சனூருக்குப் போய் எள் விளக்கு ஏற்றிவிட்டு வருவார். சனி பகவான் வேறு எங்கிருந்து இறங்கினாரோ தெரியாது, அந்த நாக்கை விட்டு மட்டும் இறங்கவில்லை. இதை இன்றைக்குத் தைரியமாகச் சொல்கிறேன். அன்றைக்குச் சொல்லியிருந்தால் என் கொண்டை என் தலையில் இருந்திருக்காது.

நான் சொல்வது ஜெர்மன்காரன் இரண்டாவது சண்டையைத் தொடங்குவதற்கு முந்தைய வருஷம். பழனிசெட்டிபட்டியில் எங்கள் பெரிய வீட்டில் பதினொரு பேர், ஒரே அடுப்பு. மாமியார், வீட்டுக்காரரின் அண்ணனான மூத்தார் அம்மாவாசி, அவர் பெண்டாட்டி பிள்ளைகள், வந்தவர் போனவர் எல்லோரும் தின்று எழுந்த பிறகு பானையின் அடியைச் சுரண்டுகிறவள் நான். என் பெயர் மொக்கம்மாள். என் வீட்டுக்காரர் கர்ணன், அந்த வீட்டின் கடைக்குட்டி.

அவருக்கு ஏர் பிடிக்க வராது. தேனி பஜாரில் ஏலக்காய் வியாபாரம் செய்த ஞானதுரையிடம் வேலை. மூணாறு பக்கத்துத் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன மோட்டார் சைக்கிளை ஞானதுரை வாங்கி வந்திருந்தார். பக்கத்தில் ஒரு ஆள் உட்காரத் தொட்டி ஒட்டிய வண்டி. இரண்டே மாதத்தில் அது படுத்துவிட்டது. "பழைய இரும்புக்குப் போட்டுரு" என்றாராம் அவர். "எனக்குக் குடுத்துருங்கய்யா" என்று கேட்டு வாங்கி, வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டே வந்து, மூன்று மாதம் பிரித்துப் பிரித்துப் பூட்டி அதை ஓட வைத்துவிட்டார் என் வீட்டுக்காரர். அன்று முதல் தினமும் காலையில் தேனியிலிருந்து கிளம்பி, சின்னமனூர், உத்தமபாளையம் வழியாகக் கம்பம் போய், ஏலக்காய் மாதிரிப் பைகளையும் கடிதங்களையும் தொட்டியில் போட்டுக்கொண்டு திரும்புவார். வழியிலுள்ள ஊர்களில் தன் வண்டிச் சத்தத்தைக் கேட்டுத்தான் உலை வைக்கிறார்கள் என்று அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

சனிக்கிழமை சாயங்காலம் மற்ற ஆம்பளைகள் எண்ணெய் தேய்த்துக் குளிப்பார்கள். எங்கள் வீட்டில் வண்டிக்குத்தான் எண்ணெய்க் குளியல். சாக்கை விரித்து, பிளக்கைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, செயினை ஒவ்வொரு கண்ணியாகத் துடைத்து, பழைய ஆயிலை வடித்து டின்னில் பிடித்து வைப்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பேன். எது கிளட்ச், எது கியர், எந்தக் கம்பி எதை இழுக்கிறது என்று அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போவார். என் முகத்தை இந்த மனுஷன் ஒரு நாளாவது இப்படித் துடைத்துப் பார்த்ததுண்டா என்று எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும். ஆனாலும் காதில் விழுந்ததை நான் மறக்கவில்லை.

பெரிய வீட்டில் அந்த ஒரு சாயங்காலத்துக்கும் வழியில்லாமல் போனது. மூத்தார் ஸ்பேனரை எடுத்துப் போய்க் கலப்பை ஆணியைத் தட்டினார். வண்டிச் சத்தத்தில் கோழி முட்டையிட மறுக்கிறது என்று மாமியார் அதைத் தெருவில் நிறுத்தச் சொன்னார். தொட்டியைப் பார்த்தால் பாடை மாதிரி இருக்கிறது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை. நான் சாத்தினால் சாத்தி, நான் திறந்தால் திறக்கிற ஒரு கதவு எனக்கு வேண்டும். தனியாகப் போகிறோம் என்று ஒரு நாள் வாய்விட்டுச் சொல்லியேவிட்டேன்.

மாமியார் அழவும் இல்லை, மண்ணை வாரித் தூற்றவும் இல்லை. வெற்றிலைப் பையை அவிழ்த்துக்கொண்டே சிரித்தார்.

"தாராளமாப் போங்க. மேக்கு வீடு சும்மாதான கெடக்கு, எடுத்துக்கங்க" என்றார். "ஆனா ஒண்ணு. ஆடி ஒண்ணாந்தேதி நான் அங்கன வருவேன். மோட்டுக்கு நேர் கீழ ஒரு அகல் விளக்கப் பொருத்தி வைப்பேன். நான் ஒரு வாய் வெத்தல போட்டு முடிக்கிற வரைக்கும் அது அணையாம நின்னா வீடு ஒங்களுது, நான் ஒரு வார்த்த பேச மாட்டேன். அணைஞ்சுச்சா, சட்டி பானையத் தூக்கிக்கிட்டு மறுபேச்சு இல்லாம இங்கன வந்துரணும். அப்பறம் தனி அடுப்புங்கிற பேச்சே இந்த வீட்டுல எந்திரிக்கக் கூடாது. என்னலே கர்ணா?"

"சரி ஆத்தா" என்றார் என் வீட்டுக்காரர். அவருக்கு வாய் அவ்வளவுதான்.

அந்த மேற்கு வீட்டின் லட்சணம் ஊருக்கே தெரியும். வைக்கோலும் உடைந்த ஏரும் போட்டு வைத்த பழைய ஓட்டு வீடு. ஊருக்கு மேற்குக் கடைசியில், மலைக்கும் அதற்கும் நடுவில் ஒரு மரம் மறைப்பில்லாமல் நிற்கும். ஆனி பிறந்து மலைக் கணவாய் வழியாகக் காற்று இறங்கினால், எங்கள் பக்கம் கொடியில் போட்ட சேலையைத் தேனியில் போய்த்தான் எடுக்க வேண்டும். அந்தக் காற்று வருஷா வருஷம் வீட்டின் மோட்டைப் பிடுங்கும். மோடு என்றால் கூரையின் உச்சி, இரண்டு பக்கத்து ஓடும் வந்து கூடுகிற இடம். அது திறந்துகொண்டால் காற்று உள்ளே புகுந்து மற்ற ஓடுகளை ஒவ்வொன்றாகக் கிளப்பிவிடும். மாமியார் தெரிந்தேதான் கொடுத்தார்.

சித்திரையிலேயே அங்கே குடிபோய் வேலையை ஆரம்பித்தோம். நான் வைக்கோலை வாரி வெளியே தள்ளினேன். எத்தனை தேள் அடித்தேன் என்று கணக்கில்லை. இவர் சாயங்காலம் கம்பத்திலிருந்து வந்ததும், வண்டிக்கு வைத்திருந்த நோட்டுப் புத்தகத்திலேயே வீட்டுக்கும் ஒரு பக்கம் போட்டார். திங்கள் சுவர் ஓட்டை, செவ்வாய் கதவுக் கீல், புதன் எலி வளை என்று எழுதி, முடிந்ததை அடித்துக்கொண்டே வருவார். டின்னில் சேர்த்து வைத்த பழைய ஆயிலைக் கொண்டுவந்து, ஓட்டைத் தாங்கும் கைமரம் முழுக்கத் தடவினார். நாற்றம் குடலைப் பிடுங்கியது, நான் ஒரு வாரம் அவரைத் திட்டினேன். ஆனால் அதற்குப் பிறகு ஒரு கறையான் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. மோட்டார் சைக்கிளைப் பார்க்கிற அதே கண்ணால்தான் இவர் எதையும் பார்க்கிறார், அந்தக் கண் ஒன்றும் மோசமில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஓடு வேலைக்கு வீரபாண்டியிலிருந்து ஒச்சாண்டி கொத்தனார் வந்தார். பழைய ஓடுகளை எல்லாம் இறக்கிக் கழுவி, ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, சத்தம் சரியில்லாததைத் தள்ளி வைத்தது நான். ஆனி பாதியில் கூரை முழுக்க மேய்ந்தாகிவிட்டது. மோடு மட்டும் பாக்கி.

"ஆத்தா, இத்தன வருசமும் மோட்டுக்கு மண்ணக் கொழச்சு அப்பியிருக்காக" என்றார் ஒச்சாண்டி. "இந்தக் காத்துக்கு மண்ணு எம்மாத்திரம்? அரச்ச சுண்ணாம்புக் காரை போடணும். போட்டம்னா இரும்புதான்."

காரை அரைக்கிற செக்கு எங்கள் வீட்டுக்குப் பின்னால் மேட்டிலேயே கிடந்தது. எந்தக் காலத்திலோ கோயில் கட்டும்போது போட்டது. வட்டமாக ஒரு கல் வாய்க்கால், அதில் உருள ஒரு கல் சக்கரம், சக்கரத்தை இழுக்க நீளமான ஒரு மரம். அந்த மரத்தில் ஒரு ஜோடி மாட்டைப் பூட்டி, சுண்ணாம்பும் மணலும் போட்டு, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டிக் கரைசலும் விட்டு, ஒரு பகல் முழுக்கச் சுற்றினால் வெண்ணெய் மாதிரி காரை வரும். அந்த வருஷம் மலையில் மழை பிந்தி, வாய்க்காலுக்குத் தண்ணீர் இன்னும் திறக்கவில்லை. மாடுகள் எல்லாம் கொட்டிலில் சும்மா நின்று அசை போட்டுக்கொண்டிருந்தன. "இருபத்தேழாந்தேதி ஓட்டிக்கிட்டுப் போங்க" என்று மூத்தார் சொல்லியிருந்தார். அவர் நல்ல மனுஷன், அம்மா முன்னால் மட்டும் வாய் திறக்க மாட்டார்.

ஆனி இருபத்தாறு. மத்தியானம் தாண்டி வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே வண்டிச் சத்தம் கேட்டது. ஹாரனை அமுக்கிய கையை எடுக்காமலே வந்து நிறுத்தினார். கழுத்தில் யாரோ போட்ட புதுத் துண்டு.

"மொக்கம்மா! தண்ணி தெறந்துட்டாகடி! கம்பம் வாய்க்கால்ல நொரையோட வருது. நான் அதுக்கு முன்னாடி வந்துட்டேன்!"

"வழியெல்லாம் சொன்னீகளாக்கும்?"

"பின்ன? உத்தமபாளையம், சின்னமனூரு, வீரபாண்டி... ஒரு ஊரு விடல. பொம்பளைக ரோட்டுல நின்னு கொலவ போடுதுக. ஒரு ஆளு தோள்ல கெடந்த புதுத் துண்ட எடுத்து எனக்குப் போட்டாரு, பாரு."

"நம்ம ஊர்ல?"

"மொதல்ல அண்ணன்கிட்டதான் சொன்னேன்."

என் கையில் இருந்த ஓடு கீழே விழுந்து உடைந்தது.

"ஏங்க, தண்ணி இங்கன வந்து சேர ரெண்டு நாளாகும். நீங்க வாயப் பொத்திக்கிட்டு வந்திருந்தா நாளைக்கு ஒரு பகல் மாடு நமக்கு இருந்திருக்கும். இப்ப விடியுறதுக்குள்ள ஊரு மாடெல்லாம் வயலுக்கு எருவடிக்கப் போயிருமே! நமக்கு யாரு வந்து செக்கு இழுப்பா? அந்தத் துண்டா?"

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு ஒவ்வொரு பல்லாக மறைந்தது. துண்டைக் கழற்றி மடித்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் தொட்டிக்குள் வைத்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, அடிக்கவும் கை வந்தது.

நான் சொன்னபடியே நடந்தது. மறுநாள் காலையில் ஊரில் ஒரு கொட்டிலிலும் மாடு இல்லை, ஒரு வீட்டிலும் ஆள் இல்லை. ஒச்சாண்டி நீற்றி வைத்த சுண்ணாம்புக்கு முன்னால் குந்தியிருந்தார். "இன்னைக்கு அரச்சாத்தான் நாளைக்குப் பூசலாம். பூசுனா நாலு நாளாச்சும் காயணும். ஆடி பெறக்க அஞ்சு நாள்தான் கெடக்கு, ஆத்தா" என்றார். நான் பெரிய வீட்டுக்கு ஓடினேன். மூத்தார் எரு வண்டியில் மாட்டைப் பூட்டிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். தண்ணீர் வருகிற நேரத்தில் வயலை விட்டுவிட்டு எனக்கு மாடு கொடு என்று நானும் எந்த வாயால் கேட்பேன்? விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள்தானே நானும்.

மாமியார் வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே சொன்னார்: "ஒங்க சோத்து வட்டில் ரெண்டையும் கழுவிக் கவுத்து வச்சிருக்கேன், மொக்கம்மா. இனி எடுத்துப் பொழங்கத்தான வேணும்."

நான் திரும்பி நடந்தேன். வரும் வழியெல்லாம் அழுதேன். துக்கத்தில் வந்த அழுகை இல்லை, ஆத்திரத்தில் வந்தது. மூன்று மாதமாகத் தேளோடும் தூசியோடும் மல்லுக்கட்டி, கடைசியில் ஒரு ஜோடி மாட்டுக்காக மறுபடி அந்தப் பானையின் அடியைச் சுரண்டப் போகிறேனா? வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, சுவரோரம் நின்ற மோட்டார் சைக்கிள்தான் முதலில் கண்ணில் பட்டது. காலையில் துடைத்து, பளபளவென்று, ஒரு வேலையும் இல்லாமல் நின்றது. அன்று ஞாயிற்றுக்கிழமை, ஞானதுரை கடை அடைப்பு.

"அதக் கொண்டாங்க. செக்குல பூட்டுவோம்" என்றேன்.

பிள்ளையை நரபலிக்குக் கேட்டது போல அவர் வண்டிக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். "ஏ புள்ள, வெவரம் புரியாமப் பேசாத. இழுக்காதுன்னு சொல்லல. இழுக்கும். ஆனா இது ஓடுற ஓட்டத்துல காத்து அடிச்சுத்தான் எஞ்சினு ஆறும். மாடு நடக்குற வேகத்துல போனா அர மணி நேரத்துல வெந்து இறுகிப் போகும். இதுக்குக் காத்து வேணும், காத்து!"

அவர் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப்போய்ச் செக்கு மேட்டில் நிறுத்தினேன். மலையிலிருந்து வந்த காற்று அவர் வேட்டியைப் படபடவென்று அடித்தது. தலையில் கட்டியிருந்த துண்டு பிய்த்துக்கொண்டு தேனி ரோட்டைப் பார்க்கப் பறந்தது.

"காத்துதான வேணும்? எம்புட்டு வேணும்னு சொல்லுங்க!"

அவர் மலையைப் பார்த்தார், செக்கைப் பார்த்தார். பிறகு மடியிலிருந்து அந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். எனக்கு உயிர் வந்தது. அது வெளியே வந்துவிட்டால் வேலை நடந்துவிடும்.

"சுத்துல பாதிக்கு மேக்க பாத்து வரும், காத்து மொகத்துல அடிக்கும். மீதிப் பாதிக்கு முதுகுல அடிக்கும், பிரயோசனம் இல்ல" என்று முணுமுணுத்தார். "பத்துச் சுத்துக்கு ஒருக்கா மேக்க பாத்து நிறுத்தி ஆறப் போடணும். தொட்டிக்குள்ள ரெண்டு கல்லத் தூக்கி வையி, சக்கரம் வழுக்காது."

ஒச்சாண்டி செக்கு மரத்தைத் தொட்டியின் அடிச் சட்டத்தோடு வடக்கயிற்றால் இறுக்கிக் கட்டினார். "என் ஆயுசுல இப்பிடி ஒரு மாட்டப் பூட்டுனதில்ல" என்றார். இவர் உதைத்துக் கிளப்பி, முதல் கியரில் போட்டு, கிளட்சை மெல்ல விட்டார். வண்டி ஒரு உறுமு உறுமியது. கயிறு முறுக்கேறியது. கல் சக்கரம் அசையவில்லை. பிறகு, எத்தனையோ வருஷமாகப் படுத்துக் கிடந்த அந்தக் கல் கரகரவென்று ஒரு சத்தம் போட்டு உருண்டது பாருங்கள், நான் கத்திய கத்தில் வயலில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்!

பத்துச் சுற்று, மேற்கே பார்த்து நிறுத்தம். இன்னொரு பத்து, மறுபடி நிறுத்தம். சிலிண்டரில் கையை வைத்துப் பார்த்தால் சுடும், கொஞ்ச நேரத்தில் அந்தக் காற்றே அதைக் குளிரவைத்துவிடும். எங்கள் மோட்டைப் பிடுங்கப் போகிற காற்று எங்கள் மோட்டுக்காகவே கூலியில்லாமல் வேலை செய்தது. எனக்குச் சிரிப்பாக வந்தது.

ஆனால் மூன்றாவது பத்தில் இவர் முகம் வெளுத்தது. நேர் ரோட்டில் நாற்பது மைல் வேகத்தில் போகிற மனுஷனுக்கு, ஒரே இடத்தில் சுற்றினால் தலை நிற்கவில்லை. இறங்கினார், இரண்டு எட்டு கோணலாக நடந்தார், வேப்பங்கன்றைப் பிடித்துக்கொண்டு காலையில் குடித்த கூழையெல்லாம் கக்கினார்.

"முடியலடி. ஒலகமே சுத்துது" என்றார். கண்ணில் தண்ணீர். "நாந்தான் ஊரெல்லாம் கூவிக் கெடுத்தேன். இதையாச்சும் செஞ்சுருவோம்னு பாத்தா..."

"சும்மா இருங்க" என்று சொல்லிவிட்டு, கண்டாங்கிச் சேலையை முழங்காலுக்கு மேல் ஏற்றி இழுத்துச் செருகினேன். ஏறி உட்கார்ந்தேன். இந்தக் கையில் கிளட்ச், இந்த நெம்பைத் தள்ளினால் பெட்ரோல். சனிக்கிழமை சனிக்கிழமையாகக் காதில் விழுந்தது ஒன்றும் வீண் போகவில்லை. பக்கத்தில் தொட்டி இருக்கிறது, விழுவதற்கும் பயமில்லை. முதல் தடவை குதித்து நின்றுவிட்டது. இரண்டாம் தடவையும் நின்றுவிட்டது. "மெல்ல விடு, கைய மெல்ல விடு" என்று இவர் வேப்பங்கன்றைப் பிடித்தபடியே கத்தினார். மூன்றாம் தடவை ஓடியது.

தலை சுற்றவில்லையா என்று கேட்பீர்கள். பிறந்த வீட்டில் களத்துமேட்டில் மாட்டைப் பிணைத்து நெற்கதிர் மிதிக்க ஓட்டுவது சின்ன வயதிலிருந்தே என் வேலை. சுற்றியிருக்கிற மரத்தைப் பார்த்தால் தலை சுற்றும், மாட்டு வாலை மட்டும் பார்க்க வேண்டும். நான் முன் சக்கரத்தைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. இவர் அந்த வயதில் பிணை ஓட்டச் சொன்னால் ஓடி ஒளிந்துகொள்வாராம், அதன் பலன்தான் அந்தக் கூழ்.

எத்தனையாவது பத்து என்று நினைவில்லை. மேற்கே பார்த்து நிறுத்தி நிமிர்ந்தால், கூடையோடு என் மாமியார் நிற்கிறார். சட்டி பானையை இன்றைக்கே கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிப் போகலாம் என்று வந்திருக்கிறார். மகன் வேப்பங்கன்றடியில் சுருண்டு கிடக்கிறான், மருமகள் தொடை தெரிய மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்திருக்கிறாள். அவர் வாயைத் திறந்தார். எதைச் சொல்வது, எதை முதலில் சொல்வது என்று அவருக்கே தெரியவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக அந்த நாக்கு வேலை நிறுத்தம் செய்ததை நான் பார்த்தேன்.

நான் மறுபடி கிளப்பினேன். சுற்றிச் சுற்றி வரும்போது, ஓரத்தில் ஒதுங்கிய காரையை ஒச்சாண்டி தனியாளாகத் தள்ள முடியாமல் தவிப்பது தெரிந்தது. மாமியார் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். அரைகுறை வேலையைப் பார்த்தால் அவருக்குக் கை சும்மா இருக்காது.

"இப்பிடியாய்யா தள்ளுவாக? நடுவுல ஒதுக்கிக் குடு! தள்ளிப் போ அங்கிட்டு!" என்று கூடையை வீசிவிட்டு மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டார். சாயங்காலம் வரைக்கும் அவர் தள்ள, நான் ஓட்ட, ஒச்சாண்டி கருப்பட்டித் தண்ணீர் விட, காரை வெண்ணெயாக வந்தது. போகும்போது என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "வேலைக்குத்தான் தள்ளுனேன். பந்தயம் பந்தயந்தான்."

மறுநாள் ஒச்சாண்டி மோட்டைப் பூசினார். நான் ஏணியில் ஏறி அரைத்த காரையைக் கூடை கூடையாகக் கொடுத்தேன். நாலு நாளும் காற்று அதைத் தடவித் தடவிக் காயவைத்தது.

ஆடி ஒண்ணாந்தேதி விடிந்தபோது வானமே ஊளையிட்டது. தெருவில் ஒரு கூடை தானாக உருண்டு போனது. மாமியார் தலையில் முக்காட்டை இழுத்துக் கட்டிக்கொண்டு, குனிந்து குனிந்து நடந்து வந்தார். நடு வீட்டில் உட்கார்ந்து, அகலில் எண்ணெய் விட்டு, திரியைப் பொருத்தி, அண்ணாந்து பார்த்து மோட்டுக்கு நேர் கீழாக நகர்த்தி வைத்தார். பிறகு என்ன செய்தார் தெரியுமா?

"அந்த மேக்குக் கதவத் தெறந்து விடுடி."

"அதெப்பிடி?" என்றேன். அன்றைக்கு எனக்கு எங்கிருந்துதான் வாய் வந்ததோ! "பேச்சு மோட்டப் பத்தித்தான் அத்தை. கதவு என் கதவு. நான் தெறந்தாத்தான் தெறக்கும்."

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். மாமியாரும் பார்த்தார். "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெற்றிலைப் பையை அவிழ்த்தார். காம்பைக் கிள்ளினார். நரம்பை உரித்தார். சுண்ணாம்பைத் தடவி, துடைத்து, மறுபடி தடவினார். பாக்கை நறுக்கினார், அந்தப் பாக்கு அரிசி அளவு ஆகும் வரைக்கும் நறுக்கினார். பிறகு மெல்ல ஆரம்பித்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அப்படி ஒரு நீளமான வெற்றிலையை நான் யாரும் போட்டுப் பார்த்ததில்லை. மேலே காற்று மோதி மோதிப் பார்த்தது. ஓடுகள் கிடுகிடுத்தன. நான் விளக்கைப் பார்க்கப் பயந்து, அவர் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை சுவரே அதிர்கிற மாதிரி ஒரு அடி அடித்தது, இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

தாடை நின்றது. சுடர் நின்றது. நேராக, குத்தி வைத்த மாதிரி, ஒரு ஆட்டம் இல்லாமல் நின்றது.

மாமியார் வெளியே போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். கையைப் பொத்திப் பிடித்து விளக்கை எடுத்தார். அணைக்கவில்லை. சுவரில் இருந்த மாடத்தில் கொண்டுபோய் வைத்தார்.

"சாயங்காலம் சாயங்காலம் மறக்காமப் பொருத்து. வீடு இருண்டு கெடக்கக் கூடாது" என்றார்.

நான் அழுதுவிட்டேன். எனக்கு எதற்கு வெட்கம்? என் வீடு, நான் அழுவேன்.

அவர் வாசலுக்குப் போனார். காற்று பிடித்து உள்ளே தள்ளியது. மறுபடி போனார், மறுபடி தள்ளியது. வரும்போது இருந்த காற்று இப்போது இரண்டு மடங்காகியிருந்தது.

"ஆத்தா, தொட்டியில உக்காரு. நான் கொண்டுபோய் விடுறேன்" என்றார் இவர்.

பாடை என்று சொன்ன அதே தொட்டி. மாமியார் அதை மேலும் கீழும் பார்த்தார். சேலையை ஒதுக்கிக்கொண்டு ஒரு காலைத் தூக்கி வைத்தார், இன்னொரு காலையும் வைத்தார், உட்கார்ந்தார். இவர் வண்டியை உதைக்கக் காலைத் தூக்கினார்.

"ஏலே, நீ எறங்கு" என்றார் மாமியார். "ஒனக்குக் கிறுகிறுப்பு வந்து என்னையக் குப்புறத் தள்ளவா? அவ ஓட்டட்டும்."

நான் ஏறி உட்கார்ந்தேன். கை மெல்ல விட்டது, வண்டி மெல்லக் கிளம்பியது. தெருவில் ஒவ்வொரு வாசலிலும் தலைகள் முளைத்தன. மாமியார் தொட்டியின் இரண்டு ஓரத்தையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி வந்தார். பெரிய வீடு கண்ணுக்குத் தெரிந்ததும் இருமினார்.

"மொக்கம்மா, அங்கனயும் மோட்டுல மண்ணுதான் அப்பியிருக்கு. நடவு முடியட்டும், நம்ம வீட்டுக்கும் ஒரு பகல் காரை அரச்சுக் குடுக்கச் சொல்லு அவன்கிட்ட."

"அவுகள ஏன் கேக்கணும் அத்தை? என்னையக் கேளுங்க."

மாமியார் ஒரு கையை எடுத்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். பிறகு அவர் கேட்டார். என்னிடமே கேட்டார். சரி என்றேன்.

மூத்தாரும் பிள்ளைகளும் வாசலுக்கு ஓடிவந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். பின்னால் என் வீட்டுக்காரர் பறக்கிற வேட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்து சேர்ந்தார். கோழிகள் எல்லாம் சிதறி ஓடின. நான் முற்றம் வரைக்கும் முதல் கியரிலேயே ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தினேன், எனக்கு அது ஒன்றுதான் தெரியும்.